பொற்றையும் பொத்தையும்: பாறைப் பெயர்கள் குறித்த ஒரு சிற்றாய்வு

கழுகுமலையில் உள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் கோவில்பட்டி வழியாகவே செல்வர். நாம் ஒருமுறை திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களைக் கடந்து, தென்காசிச் சாலையில் உள்ள சேத்தூரில் சிறிது நேரம் தங்கி, அங்கிருந்து சங்கரன்கோவில் மார்க்கமாகக் கழுகுமலை சென்றோம். சேத்தூருக்கு மேற்கே மலைத்தொடர் மதில்போல் நிற்கின்றது. கிழக்கே திரும்பினால் கரிசலும் செம்மண்ணும் கலந்த சமநிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கற்குன்றுகள் தனித்துக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சுட்டி, "பெரியவரே, இம்மலைக்கு என்ன பெயர்?" என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை வினவினோம். அவர் சிரித்துவிட்டு, "மலை அந்தா மேக்கே நிக்குதுல்லா ஐயா. இது பொத்தை" என்றார்.

அவர் கூறிய அவ்வொரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. பொத்தை என்பதைப் 'பொத்தல்' என்பதோடு சேர்த்து, துளையுள்ள குன்று என்று பொருள் கொள்வாரும் உளர். உடல் பருத்தவரைக் கேலியாகக் குறிக்கும் பொத்தை என்னும் சொல்லோடு பிணைப்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. நிகண்டுகளில் சிறுமலைக்கும் கற்குன்றிற்கும் 'பொற்றை' என்றொரு பெயர் காணப்படுகின்றது. ஒற்றை என்பது ஒத்தை எனவும், நெற்றி என்பது நெத்தி எனவும், காற்று என்பது காத்து எனவும் பேச்சில் வழங்குதல் போலப் பொற்றை என்பது பொத்தை ஆயிற்று. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் நின்றுகொண்டிருந்த ஊரின் பெயரே சான்று. சேறு, ஊர் என்னும் இரண்டும் புணர்ந்த சேற்றூர் என்பதே சேத்தூர் ஆயிற்று. அவ்வூர்ச் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்த புலவர்கள் நூல்களில் சேற்றூர் என்றே எழுதினர். சாலைப் பலகையில் சேத்தூர் என்றிருக்கின்றது. ஊர்ப்பெயரில் நிகழ்ந்த அதே மாற்றம் குன்றின் பெயரிலும் நிகழ்ந்துள்ளது. தெற்கே வள்ளியூரில் உள்ள குன்றைச் சூட்டுப்பொத்தை என்று அழைப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆக, புலவர் மனப்பாடம் செய்து காத்த ஒரு சொல்லை, ஏடு அறியாத ஆயரும் தம் அன்றாடப் பேச்சில் காத்து வந்துள்ளனர். நம் சமூகத்தார்க்கு இதில் தனி உவகை உண்டு. நிகண்டு என்னும் நூல்வகையை வளர்த்தவருள் நம் முன்னோர் தலைநின்றவர். குணபத்திர முனிவரின் மாணவராகிய மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நெட்டுருச் செய்த நூல். சமயம் வேறாயினும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதனைக் கற்றனர். அதன் பன்னிரண்டு தொகுதிகளுள் ஒன்று இடப்பெயர்த் தொகுதி. மலை, காடு, ஊர் முதலியன அதன்பாற்படும். பதினோராவது தொகுதி ஒரு சொற்பல்பொருட் பெயர்த் தொகுதி. முன்னது ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுக்கும். பின்னது ஒரு பெயர்க்குரிய பல பொருள்களைத் தொகுக்கும். பாறை என்னும் எளிய சொல்லை எடுத்துக்கொண்டு இவ்விரு வழியிலும் ஆராய்வோமானால், நம் சமயத்தார் இந்நாட்டில் வாழ்ந்த வாழ்க்கையே அதனுள் ஒடுங்கிக் கிடக்கக் காணலாம்.

முதற்கண் பாறை என்பதையே நோக்குவோம். அதனோடு ஒட்டிய சொல் 'பார்'. பார் என்பது உலகைக் குறிக்கும் என்பதை யாவரும் அறிவர். நிலத்தடியில் பரந்து கிடக்கும் கல்லடுக்கிற்கும் அதுவே பெயர். தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பிகள் விளையும் கடலடித் திட்டுகளைப் பரதவர் இன்றும் 'பார்' என்றே கூறுவர்; தொள்ளாயிரம் பார் என்பது அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. அக்கடற்கரையினரிடம் சென்று பாறை என்றால் அவர்கள் மீனையும் நினைக்கக்கூடும். பாறை என்பது அவர்கள் வலையில் படும் ஒரு மீனினத்தின் பெயரும் ஆகும். அம்மீனுக்கும் நம் கட்டுரைக்கும் தொடர்பில்லை என்று சொல்லி அதனைக் கடலிலேயே விட்டுவிடுதல் நம் அறத்திற்கும் ஏற்றது.

'அறை' என்பது மற்றொரு பெயர். இன்று நாம் வீட்டின் உட்பகுதிக்கே அச்சொல்லை வழங்குகின்றோம். கன்னத்தில் விழும் அடிக்கும் வழங்குகின்றோம். பழந்தமிழில் பாறைக்கும் அது பெயர். திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே உள்ள திருவெள்ளறை என்னும் ஊர்ப்பெயரில் வெண்பாறை என்னும் பொருள் அழியாமல் நிற்கின்றது. அங்குள்ள கோயிலும் குன்றின் மேலேயே அமைந்துள்ளது. கழுகுமலையைப் பழைய கல்வெட்டுகள் அரைமலை எனக் குறிப்பதைக் கண்டு, அதுவும் பாறையைக் குறிக்கும் அறையே என்று நம் அன்பர் சிலர் கூறக் கேட்டுள்ளோம். கேட்பதற்கு இனிமையாக இருப்பினும் நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. அங்குள்ளது இடையின ரகரம். ஒலி ஒத்தது கொண்டு எழுத்தை மாற்றிப் பொருள் காணப் புகுந்தால், சொல்லாராய்ச்சி சொல்விளையாட்டாய் முடியும்.

'கல்' என்னும் சொல்லின் பரப்போ மிகப் பெரிது. மலையும் கல், மலையில் கிடக்கும் துண்டும் கல், மோதிரத்தில் பதிக்கும் மணியும் கல், வீரனுக்கு நடுவதும் கல், சிறுநீரகத்தில் தோன்றி வருத்துவதும் கல். நம் அடுக்களையில் அம்மிக்கல், ஆட்டுக்கல் ஆகியன கல்லால் ஆயவை. தோசைக்கல்லோ இரும்பு, ஆயினும் கல் என்றே பெயர். கடைக்காரரின் எடைக்கல்லும் அத்தகையதே. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. தோண்டுதலைக் 'கல்லுதல்' என்பதும் பழவழக்கு. 'கற்றல்' என்பதையும் அதனோடு இணைத்துப் பேசுவது மேடைப் பேச்சாளர்க்கு உகந்த செய்தி. அது மொழிநூலார் அனைவரும் ஒப்பிய முடிபன்று என்பதை மட்டும் இளைஞர்கள் நினைவிற் கொள்க.

வடமொழி வழி வந்த பெயர்களுள் 'பாடாணம்' வேடிக்கையானது. பாஷாணம் என்பது அங்குக் கல்லையே குறிக்கும். சித்த மருத்துவர் கனிமங்களையும் நச்சுப் பொருள்களையும் பாடாணம் என்று வகுத்தமையால், தமிழில் அச்சொல் நஞ்சைக் குறிப்பதாகவே நின்றுவிட்டது. கல்லென்று அச்சொல்லை அறிந்தோர் இன்று மிகச் சிலரே.

'உபலம்', 'சிலை' என்னும் இரண்டும் நம் ஆகமங்களோடு நெருங்கிய தொடர்புடையன. வட்டகேரர் அருளிய மூலாசாரம் பிருதிவிகாயத்தை முப்பத்தாறு வகையாக விரித்துரைக்கின்றது. மண், பரற்கல், மணல், உபலம், சிலை, உப்பு என்று தொடங்கி உலோகங்கள், மணிகள் வரை அப்பட்டியல் செல்லும். ஈண்டு உபலமும் சிலையும் ஒரு பொருள் குறித்த இரு பெயர்களாக வரவில்லை. தனித்தனி வகைகளாக எண்ணப்பட்டுள்ளன. உபலம் என்பது உருண்டையான கல். சிலை என்பது பரந்த பெரும் பாறை. தமிழில் இவ்வேறுபாட்டைத் துறுகல் என்றும் பாறை என்றும் கூறலாம். சங்கப் புலவர்கள் துறுகல்லை யானைக்கு ஒப்பிட்டு மகிழ்ந்தனர்; மதுரைக்கு அருகில் உள்ள ஆனைமலை அவ்வடிவத்தாலேயே பெயர் பெற்றது. கவிஞர் வடிவம் கண்டு வேறுபடுத்தினர். நம் ஆசாரியர்களோ உயிர் கண்டு வேறுபடுத்தினர். நிலத்தோடு ஒன்றிக் கிடக்கும் பாறை ஓரறிவுயிரின் உடல் என்பது ஆகமத் துணிபு. எந்தக் கல்லின் மேல் அமரலாம், எதனைத் தீண்டலாகாது என்று நாள்தோறும் ஆராய்ந்து ஒழுகிய முனிவர்க்கு, பரல் வேறு, உபலம் வேறு, சிலை வேறு என்னும் அறிவு ஒழுக்கத்திற்கே இன்றியமையாததாயிற்று. சொல் வளம் புலமையால் மட்டும் பிறப்பதன்று.

சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை, சல்லேகனை நோற்பார்க்குரிய படுக்கை நான்கு என்று கூறும். அவை நிலம், சிலை, பலகை, புல் என்பன. இதனை அறிந்த பின்னரே நம் நாட்டுக் குகைகளில் உள்ள கற்படுக்கைகளை நாம் சரிவர உணர முடியும். பாயும் தலையணையும் இல்லாத ஏழ்மையால் அவை வெட்டப்படவில்லை. துறவிக்குத் தகுந்தது எதுவென்று நூல் விதித்ததோ அதனையே இல்லறத்தார் ஈந்தனர்.

அப்படுக்கைகளுக்கும் உறைவிடங்களுக்கும் வழங்கிய பெயர்களே பாறைப் பெயர்களுள் நமக்கு மிக நெருக்கமானவை. மாங்குளம், சம்பை முதலிய இடங்களில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் 'பளி' என்னும் சொல் வருகின்றது. மெய்யிரட்டித்தலை எழுதிக்காட்டாத பழைய எழுத்துமுறையில் பள்ளி என்பதன் வடிவமே அது. சம்பையில் அதனை ஈந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. மாங்குளத்தில் அதனைப் பெற்றவர் கணிநந்தாசிரியர். சித்தன்னவாசலில் 'அதிட்டானம்' என்னும் பெயர் காணப்படுகின்றது. திருநெல்வேலி மாவட்டத்து மறுகால்தலையில், 1906-ஆம் ஆண்டிலேயே படியெடுக்கப்பட்ட கல்வெட்டு, காசிபன் என்பான் கொடுப்பித்த கற்படுக்கையைக் 'கஞ்சணம்' என்கின்றது. பாழி என்பதும் இவ்வினத்ததே. குகை, முனிவர் உறைவிடம், மக்கள் துயிலுமிடம் எனப் பல பொருள்கள் அதற்கு உண்டு. பள்ளி என்னும் சொல் படுக்கையில் தொடங்கி, முனிவர் இருக்கையாகி, அவர் கற்பித்த இடமாகிப் பள்ளிக்கூடமாய் நிற்பதை நம் இதழ் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவையனைத்தினும் நம் உள்ளத்தைக் கவர்ந்த கல்வெட்டு ஒன்றுண்டு. கரூர் மாவட்டத்துப் புகழூர் ஆறுநாட்டார் மலையில், யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் மூத்த அமணருக்கு உறைவிடம் அளித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. சேர மரபில் வந்த இளங்கடுங்கோ இளங்கோவாக ஆனபோது வழங்கியது அது. காலம் கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகள் என்பர். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை முழுமையாகத் தொகுத்து 2003-இல் வெளியிட்ட ஐராவதம் மகாதேவன் அவர்கள் இக்கல்வெட்டைச் சேரர் வரலாற்றிற்குத் தலையாய சான்றாகக் கொண்டார். நமக்கு வேண்டுவது அதிலுள்ள சொற்கள். முனிவரின் இருப்பிடத்தை 'உறை' என்கின்றது. வெட்டி அமைத்த பாறையை 'அறுத்த கல்' என்கின்றது. கொடுத்தவனின் பாட்டன் பெயரோ செல்லிரும்பொறை.

இரும்பொறை என்பதிலுள்ள 'பொறை' யாது? மலை, சிறுகுன்று என்பது அதன் பொருள். சேத்தூர் முதியவர் கூறிய பொத்தைக்கு மூலமாகிய பொற்றையும் இப்பொறையும் வடிவாலும் பொருளாலும் மிக அணுகியவை. சேரர் தம்மைப் பெருங்குன்றென்று பெயரிட்டு அழைத்துக்கொண்டனர். அப்பெயர் தாங்கிய மரபினர் அமண முனிவர் ஒருவருக்குப் பாறையை அறுத்துக் கொடுத்து, பாறையிலேயே அச்செய்தியை எழுதியும் வைத்தனர். பொறை என்னும் சொல் புலவர் ஏட்டில் மட்டும் நின்ற சொல்லன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

ஆயின் பொறை என்றவுடன் நம் வீட்டுப் பிள்ளைகள் நினைப்பது குன்றையன்று; பொறுமையையே. சுமை என்பதும் அதன் பொருள். பொறுத்தல் என்னும் வினையினின்று சுமையும் பொறுமையும் தோன்றின என்பது தெளிவு. குன்றைக் குறிக்கும் பொறையும் அதே வேரினதோ, அன்றி வடிவால் மட்டும் ஒத்ததோ, அதனை நாம் இங்கு வலிந்து முடிவு கட்டவில்லை. ஒரே எழுத்துகளால் ஆன ஒரு சொல் குன்றையும் பொறுமையையும் ஒருங்கே குறித்து நிற்கின்றது என்ற அளவே நமக்குப் போதும்.

ஏனெனில் நம் சித்தாந்த நூல்களில் பாறை பொறுமைக்கு உவமையாக வரவில்லை. அதன் மறுதலைக்கே உவமையாக வருகின்றது. கி.பி. 10-ஆம் நூற்றாண்டினராகிய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம், குரோதம் என்னும் கஷாயத்தை நால்வகைக் கோடுகளாகக் காட்டும். பாறையிற் பிளந்த கோடு, நிலத்தில் வெடித்த கோடு, புழுதியில் கீறிய கோடு, நீரில் எழுதிய கோடு என்பன அவை. நீரிற் கோடு கீறும்போதே மறையும். புழுதியிற் கோட்டைக் காற்று அழிக்கும். நிலத்தின் வெடிப்பு அடுத்த மழையில் கூடும். பாறையின் பிளவோ எளிதிற் கூடுவதன்று. முதல்வகைக் குரோதம் நரகத்திற்கு இட்டுச் செல்லும் என்றும், ஏனையவை முறையே விலங்கு, மனிதர், தேவர் பிறப்புகளுக்குக் காரணமாகும் என்றும் அந்நூல் உரைக்கும். மானம் என்னும் செருக்கிற்கும் இவ்வாறே உவமை உண்டு. கல், எலும்பு, மரம், பிரம்பு என்னும் நான்கனுள் வளையாத கல்லே கடையானது. அவ்வாசாரியரின் காலத்திலேயே, சாமுண்டராயன் முயற்சியால், சிரவணபெளகொளவில் 57 அடி உயரத்தில் ஒரே கல்லில் கோமடேசுவரர் திருவுருவம் எழுந்தது. செருக்கிற்குக் கல்லை உவமை காட்டிய தலைமுறையே, செருக்கை வென்ற பாகுபலியைக் கல்லில் வடித்தது. கல்லின் மேல் குற்றம் இல்லை. அதனை எதற்கு ஆளுகின்றோம் என்பதே வினா.

தசலட்சண பருவத்தின் முதல் நாளில் உத்தம க்ஷமையைப் பற்றி நம் ஆலயங்களில் பேசுகின்றோம். க்ஷமை என்பதற்குப் பொறை என்னும் தமிழ்ச்சொல்லை ஆள்வோர் அருகி வருகின்றனர். மன்னிப்பு என்று கூறி அமைகின்றனர். மன்னிப்பு தீங்கு நிகழ்ந்த பின் கொடுப்பது. பொறை தீங்கு நிகழும்போது தாங்குவது. கமடன் பெய்த கல்மழையின் கீழ் அசையாது நின்ற பார்சுவநாதரின் நிலையை மன்னிப்பு என்னும் சொல் அடக்காது; பொறை என்னும் சொல்லே அடக்கும்.

இனிச் சிலை என்பதற்கு மீள்வோம். வடமொழியில் சிலா என்பது கல். தமிழில் சிலை என்பது வில்லையும் குறிக்கும். சிலைத்தல் என்பது முழங்குதல். இன்று பேச்சு வழக்கில் கற்படிமத்திற்கே அது பெயராகிவிட்டது. செய்த பொருளின் பெயரே செய்யப்பட்ட உருவிற்கு ஆகி வந்தது. ஆனால் மதுரையைச் சூழ்ந்த மலைகளில் அச்சணந்தி முதலியோர் செதுக்குவித்த அருக உருவங்களின் கீழுள்ள வட்டெழுத்துகளில் சிலை என்னும் சொல்லே இல்லை. 'செய்வித்த திருமேனி' என்றே உள்ளது. அவர்கள் பாறையில் கண்டது கல்லை அன்று, மேனியை. நாமோ அருங்காட்சியகக் காவலரைப் போல 'சமணர் சிலைகள்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். குறைந்தபட்சம் நம் இல்லங்களிலேனும் திருமேனி என்று கூறலாகாதா?

கழுகுமலையில் அத்தகைய திருமேனிகள் ஏறத்தாழ நூற்றைம்பது உள்ளன. அவற்றைச் சார்ந்த வட்டெழுத்துக் குறிப்புகள் நூற்றை ஒட்டியவை. பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டி, 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் அவை செதுக்கப்பட்டன. செய்வித்தோர் பட்டியலில் குரவரும் குரத்தியரும் உளர். தச்சரும் குயவரும் உளர். குரத்தியர் என்பார் பெண்பால் ஆசாரியர் என்பதை நம் பெண்மக்கள் அறிந்திருத்தல் நலம். திருநறுங்கொண்டை, திருச்சாரணம் போன்ற தொலைவிடங்களின் தொடர்பும் அக்குறிப்புகளில் வெளிப்படுகின்றது. அதே மலையில் பாறையைக் குடைந்து மேலிருந்து கீழாக வெட்டிய வெட்டுவான் கோயில் முற்றுப்பெறாமல் நிற்கின்றது. அது சைவக் கோயில். இராசபாளையத்தை அடுத்த மொட்டைமலையிலும், திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மூவரைவென்றானிலும் உள்ள பாண்டியர் குடைவரைகளும் சைவமே. அந்நாளில் பாறை எல்லோர்க்கும் பொதுவாக இருந்தது.

பாறை நினைவுச் சின்னமாவதும் உண்டு. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், இருபத்து நான்கு தீர்த்தங்கரரும் செதுக்கப்பட்ட பெரும்பாறையின் பக்கத்தில், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசாரியரின் 'நிசீதிகை' உள்ளது. கல்லறை என்று அதனை மொழிபெயர்த்தல் பிழை. அங்கு உடல் புதைக்கப்படவில்லை. நோன்பு நிறைவுற்ற இடம் அது. கல்லறை என்ற சொல்லைப் பற்றி எழுதுகையில் ஒன்று நினைவிற்கு வருகின்றது. தென்னாட்டு மலைகளில் பெரிதும் காணப்படும் ஒருவகைக் கரும்பாறைக்கு நிலவியலார் சார்னோக்கைட் என்று பெயரிட்டுள்ளனர். கொல்கத்தாவில் சோப் சார்னோக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையை மூடிய கல்லை ஆராய்ந்த ஆலந்து என்பவர், சென்னைப் பரங்கிமலைக் கல்லும் அதுவும் ஓரினம் எனக் கண்டு 1893-இல் இட்ட பெயர் அது. நம் மலைக்கல்லுக்கு உலகம் வழங்கும் பெயர் ஒரு வணிகரின் கல்லறையிலிருந்து பிறந்தது. அதற்கு நாம் வருந்த வேண்டுவதில்லை. ஆனால் அக்கல்லுக்கு நாம் முன்னரே இட்டிருந்த பெயர்களை மறந்தோமாயின் வருந்தத்தான் வேண்டும்.

மறதி எவ்வாறு கேடு விளைக்கும் என்பதையும் கூறிவிடுவோம். வருவாய்த் துறைப் பதிவேட்டில் இத்தகைய நிலங்கள் 'பாறை', 'கரடு', 'கல்லாங்குத்து' என்னும் தலைப்புகளின் கீழ் அடங்கும். தீர்வை விதிக்க இயலாத நிலம் என்பதே அங்கு அதற்குரிய பொருள். ஊர்மக்கள் வாயில் அவற்றிற்கு வேறு பெயர்கள் வழங்கும். பெரும்பாலும் பஞ்சபாண்டவர் படுக்கை, பஞ்சபாண்டவர் குட்டு என்பர். கீழக்குயில்குடிச் சமணமலையில் தீர்த்தங்கரர் திருமேனியின் நீண்ட காதுகளைக் கண்டு, அவரைச் செட்டியாராகக் கருதி, அக்குகையைச் செட்டிப்புடவு என்றழைத்தனர். புடவு என்பது குகை. இப்பெயர்களைக் கேட்டு நம்மவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பெயர் எதுவாயினும், மக்கள் அதனைப் பெயரிட்டு அழைத்தமையால் அன்றோ அவ்விடம் வெடிவைத்துத் தகர்க்கப்படாமல் தப்பியது? பெயரற்ற பாறைக்கே முதலில் சம்மட்டி விழும்.

மதுரை மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி அண்மைய சான்று. அங்குள்ள ஏழு குன்றுகளுக்கும் தனித்தனிப் பெயருண்டு. கழிஞ்சமலை, தேன்கூடு மலை, இராமாயி மலை என்பன அவற்றுட் சில. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், அச்சணந்தி செய்வித்த திருமேனியும் அங்கு உள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகள் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமத் தொகுதி ஒன்று ஏலத்தில் விடப்பட்ட செய்தி வந்தது. சுரங்கத் தாள்களில் அதற்கு 'நாயக்கர்பட்டித் தொகுதி' என்று மட்டுமே பெயர். கழிஞ்சமலையும் தேன்கூடும் அத்தலைப்பில் இல்லை. ஊர்மக்கள் அப்பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்துப் போராடினர். 2025 சனவரியில் நடுவண் அரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. முன்னின்றவர் அவ்வூர் உழவர். நம் சமயத்தார் அல்லர். நம் முனிவர் படுத்த கல்லை அவர்கள் காத்தனர். நாம் அவர்கட்குக் கடன்பட்டுள்ளோம்.

எனவே நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, காஞ்சி முதலிய பகுதிகளில் நம் ஊர்களை ஒட்டியுள்ள குன்றுகளுக்கும் பாறைகளுக்கும் குகைகளுக்கும் முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி அனுப்புக. ஆலயம் உள்ள பெரிய மலைகளைப் பற்றி அல்ல. அவை யாவர்க்கும் தெரிந்தவை. ஆடு மேய்ப்போரும் களை எடுப்போரும் மட்டுமே பெயர் சொல்லி அறியும் சிறு கற்களையும் மேடுகளையும் பற்றி எழுதுக. பேச்சில் வழங்கும் ஒலியிலேயே எழுதுக. திருத்தி எழுத வேண்டா. பொத்தை என்று கேட்டதைப் பொற்றை என்று நாமே திருத்தி எழுதியிருந்தால், சேத்தூர் முதியவர் சொன்னது இன்னதென்று பின்னால் வருவோர்க்குத் தெரியாமலே போயிருக்கும். தென்திசைப் பாண்டி நாட்டிற்கு யாத்திரை செல்வோர் சமணர் படுக்கை எங்கே என்று மட்டும் வினவாமல், பொத்தை எது, புடவு எது, பஞ்சபாண்டவர் படுக்கை எது என்றும் வினவுக. வழி காட்டுவோர் உடனே எழுந்து வருவர்.